ஆளுக்கு எவ்வளவு களம்? பொது சர்வரில் நினைவக வரம்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

"ஆளுக்கு 8 ஜிபி என்று யூலிமிட் போட்டுவிட்டேன். இனி சர்வர் படுக்காது." முப்பது பேர் பகிர்ந்து பயன்படுத்தும் ஓர் ஆய்வக சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் சொன்ன வார்த்தை இது. யூலிமிட் என்பது லினக்ஸில் வரம்பு போடும் ஒரு கட்டளை. பத்தே நாளில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சர்வர் படுத்துவிட்டது. உள்நுழையக்கூட முடியவில்லை, கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றது. மறுநாள் காலை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மீண்டும் கிளப்பி, பதிவுகளைப் புரட்டினேன். ஒரு மாணவர் 16 ப்ராசஸ்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குத்தான் ப்ராசஸ் என்று பெயர். ஒரே நிரலைப் பதினாறு முறை ஓடவிட்டால் பதினாறு ப்ராசஸ். ஒவ்வொன்றும் 5 ஜிபி வைத்திருந்தது. எதுவும் 8-ஐத் தொடவில்லை. கூட்டினால் 80. சர்வரில் இருந்ததோ 64.

விதியை யாரும் மீறவில்லை. நான் போட்ட விதிதான் கோணல்.

"ஒருவருக்கு இவ்வளவு நினைவகம்" என்று பேச்சில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நினைவகம் என்று எதை அளக்கிறோம்? அளந்ததை யார் கணக்கில் எழுதுகிறோம்? இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கையில் கிடைத்த கட்டளையைப் போட்டால் என் வெள்ளிக்கிழமை உங்களுக்கும் வரும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். சர்வரில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முறைத் தண்ணீரும் நெற்களமும்

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஊரில் முறை வைப்பார்கள். காலையில் இவர், மாலையில் அவர். ஆள் கூடினால் முறை தள்ளிப்போகும், ஆனால் எல்லோருக்கும் வந்து சேரும். சர்வரின் சிபியு இப்படிப்பட்டது. முப்பது பேர் ஒன்றாகக் கேட்டாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், நொடியைச் சிறு சிறு துண்டாக்கி முறை வைத்துக் கொடுத்துவிடும். எல்லோருக்கும் வேலை மெதுவாகும். அதோடு சரி.

நினைவகம் நெற்களம் மாதிரி. அறுவடைக் காலத்தில் ஊர்ப் பொதுக் களத்தில் ஒருவர் நெல்லைக் கொட்டி விரித்துவிட்டால், அவராக அள்ளும்வரை அந்த இடம் அவருடையது. "பத்து நிமிடம் அள்ளி வை, நான் விரித்துக்கொள்கிறேன்" என்று முறை வைக்க முடியாது. பக்கத்தில் காத்திருப்பவருக்கு இடம் மெதுவாகக் கிடைக்காது, இடமே கிடைக்காது. சிபியுவைப் பேராசையோடு பிடித்தவர் மற்றவர்களைத் தாமதப்படுத்துகிறார். நினைவகத்தைப் பிடித்தவர் மற்றவர்களை நிறுத்தியே விடுகிறார். பொது சர்வரில் முதலில் எல்லை போட வேண்டியது நினைவகத்துக்குத்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேட்டது வேறு, விரித்தது வேறு

இப்போது முதல் கேள்வி: எதை அளப்பது?

கெர்னல் களத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு கட்டம் 4 கேபி. இதற்குப் பக்கம் என்று பெயர். 64 ஜிபி சர்வரில் ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் பக்கங்கள்.

ஒரு நிரல் "எனக்கு 50 ஜிபி வேண்டும்" என்று கேட்கும்போது கெர்னல் பெரும்பாலும் தலையாட்டிவிடுகிறது. 64 ஜிபி சர்வரில் மூன்று நிரல்கள் தலா 50 கேட்டாலும் மூன்றுக்கும் "சரி"தான். களத்துக் கணக்குப்பிள்ளைக்கு அனுபவம் அப்படி: ஐம்பது மூட்டை வரும் என்று சொல்லி வைப்பவர்கள் பத்துதான் கொண்டுவருவார்கள். எனவே வாய்ச்சொல்லுக்கு அவர் இடம் ஒதுக்குவதில்லை. நெல் தரையில் விழும் அந்தக் கணத்தில்தான் ஒரு கட்டம் போகிறது. நிரல் ஒரு பக்கத்தில் முதன்முறையாக எதையாவது எழுதும்போதுதான் ராமிலிருந்து உண்மையான பக்கம் எடுத்துக் கொடுக்கப்படுகிறது.

டாப் கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். விர்ட் என்று ஒரு பத்தி, ரெஸ் என்று ஒரு பத்தி. முதலாவது கேட்டுவைத்த இடம். இரண்டாவது ராமில் இப்போது உண்மையாகப் பிடித்திருக்கும் இடம். ஜாவாவில் எழுதிய ஒரு சாதாரண நிரலின் விர்ட் பல ஜிபி இருக்கும். ரெஸ் சில நூறு எம்பியோடு நின்றுவிடும். அது திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. முகவரிகளைத் தாராளமாக வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம், அவ்வளவே. விர்ட் பத்தியைப் பார்த்துப் பதறி "உன் நிரல் 20 ஜிபி தின்கிறது" என்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் நிர்வாகிகளை எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒன்று அனுப்பி, பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இதுவரை பார்த்தது: நினைவகத்தைக் கேட்பது செலவில்லாதது, தொடுவதுதான் செலவு. வரம்பு போடுவதானால் தொட்ட பக்கங்களை எண்ணிப் போட வேண்டும்.

களம் நிரம்பும்போது நடப்பது

தொட்ட பக்கங்கள் 64 ஜிபியை நெருங்கினால் கெர்னல் மூன்று படிகளில் சமாளிக்கப் பார்க்கும்.

முதல் படி, கோணிகளைச் சுருட்டுவது. களத்தில் காலியிடம் இருந்தால் யாராவது கோணியையோ படுதாவையோ உலர்த்தியிருப்பார்கள். நெல் வந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம். கெர்னலும் காலி ராமைச் சும்மா விடுவதில்லை. வட்டிலிருந்து அண்மையில் படித்த கோப்புகளின் நகல்களை அதில் விரித்து வைக்கும். மறுபடி யாராவது கேட்டால் வட்டுக்கு ஓட வேண்டாம். இது பேஜ் கேஷ். ஃப்ரீ கட்டளையில் "ஃப்ரீ" பத்தி எப்போதும் சொற்பமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பார்க்க வேண்டியது அதே வரியின் கடைசியில் இருக்கும் "அவைலபிள்" பத்தியை. சுருட்டக்கூடிய கோணிகளையும் சேர்த்து, புதிதாக வருபவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற மதிப்பீடு அது.

இரண்டாம் படி, ரோட்டில் காயவைப்பது. களம் போதாதபோது தார்ரோட்டில் நெல்லை விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காயும், ஆனால் பஸ்ஸுக்கு ஒதுங்கி, லாரிக்கு ஒதுங்கி, சிதறியதைக் கூட்டி, வேலை இரட்டிப்பாகும். வட்டில் ஒரு பகுதியை ராம் மாதிரிப் பயன்படுத்துவதற்கு ஸ்வாப் என்று பெயர். நெடுநேரம் தொடாத பக்கங்களைக் கெர்னல் அங்கே தள்ளும். தொடாதவரை தொல்லை இல்லை. அடிக்கடி தேவைப்படும் பக்கங்களும் அங்கே போய்விட்டால், ராமைவிடப் பல மடங்கு மெதுவான வட்டுக்கும் ராமுக்கும் நடுவில் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு அலைவதே கணினியின் முழுநேர வேலையாகிவிடும்.

மூன்றாம் படி, கழுத்தைப் பிடிப்பது. எதுவும் உதவாதபோது கெர்னலுக்குள் இருக்கும் ஓஓஎம் கில்லர் எழுந்துகொள்ளும். நினைவகம் தீர்ந்துவிட்டால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்று இடம் மீட்கும் ஏற்பாடு அது. பொதுவாக, அதிகம் பிடித்திருக்கும் ப்ராசஸுக்கு அதிக மதிப்பெண்; முதல் மதிப்பெண் வாங்கியவர் பலி. அது யாருடைய ப்ராசஸ், எத்தனை நாளாக ஓடும் கணக்கீடு என்பதையெல்லாம் கேட்காது.

நடைமுறையில் கொடுமை என்னவென்றால், ஓஓஎம் கில்லர் எழுவதற்குமுன் நெடுநேரம் இரண்டாம் படியிலேயே கணினி திணறிக்கொண்டிருக்கும். ஓடும் நிரல்களின் சொந்தக் கட்டளைகள்கூடக் கோப்பிலிருந்து வந்தவைதானே. அவையும் கோணிகளோடு சுருட்டப்பட்டுவிடும். உள்நுழைவுக்குப் பொறுப்பான எஸ்எஸ்எச் நிரல் தன் அடுத்த வரியை ஓடவிட வட்டுக்குப் போய்க் காத்திருக்கும். என் கடவுச்சொல் அந்த இரவில் தொலைந்தது இந்த வரிசையில்தான்.

யூலிமிட் எண்ணுவது எதை?

இனி என் பழைய விதிக்கு வருவோம். யூலிமிட் என்பது ஷெல்லில், அதாவது நாம் கட்டளைகளைத் தட்டும் இடத்தில், இருந்தே கொடுக்கும் கட்டளை. நிரந்தரமாக வைக்க லிமிட்ஸ்.கான்ஃப் என்ற கோப்பில் எழுதுவார்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் காலத்துப் பழைய ஏற்பாடு. அதில் நினைவகத்துக்காக எல்லோரும் போடும் வரம்பு, முகவரி இடத்துக்கான வரம்பு.

இதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாக வருகின்றன. முதலாவது, இது எண்ணுவது கேட்டுவைத்த இடத்தை, அதாவது விர்ட் பத்தியை. ஒரு மூட்டை நெல்லைக்கூட விரிக்காத ஜாவா நிரல், வாயால் அதிகம் கேட்ட குற்றத்துக்காகத் தொடங்கும்போதே விழுந்துவிடும். இரண்டாவது, இது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. "ஓர் ஆள் ஐந்து மூட்டைக்கு மேல் தூக்கி வரக்கூடாது" என்று களத்து வாசலில் எழுதி வைத்தது போல. மாமன் மச்சான் என்று பதினாறு பேரோடு வரும் வீட்டை அந்தப் பலகை என்ன செய்யும்?

அதே கோப்பில் ஆர்எஸ்எஸ் என்று இன்னொரு வரம்பும் எழுதலாம். பெயரைப் பார்த்தால் உண்மையில் பிடித்திருக்கும் இடத்துக்கான வரம்பு, தேடியது கிடைத்துவிட்டது என்று தோன்றும். லினக்ஸ் 2.4.30 முதல் கெர்னல் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எழுதினால் பிழை வராது, விளைவும் வராது. இன்றும் பல சர்வர்களில் அந்த வரி சாமி படம் மாதிரி மாட்டியே இருக்கிறது.

"அப்படியானால் ஆளுக்கு இத்தனை ப்ராசஸ் என்ற வரம்பையும் சேர்த்துப் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாமே" என்று ஒருவர் கேட்டார். ப்ராசஸ் எண்ணிக்கைக்கான வரம்பு ஆள்கணக்குதான், உண்மை. ஆனால் ஆளுக்கு 12 ஜிபி, ப்ராசஸுக்கு 3 ஜிபி என்றால் நான்கு ப்ராசஸ்தான் அனுமதிக்க முடியும். ஷெல்லைத் திறந்து எடிட்டரைத் திறப்பதற்குள் அந்த நான்கும் தீர்ந்துபோகும். 3 ஜிபிக்கு மேல் தேவைப்படும் ஒற்றை ப்ராசஸ்காரருக்கோ கதவே அடைபட்டது.

யூலிமிட் வீண் என்று சொல்லவில்லை. உங்கள் சொந்த நிரல் கட்டுமீறாமல் இருக்க உங்கள் ஷெல்லில் நீங்களே போட்டுக்கொள்ள நல்ல கருவி. வரம்பைத் தாண்டும்போது "இடமில்லை" என்ற பதில் நிரலுக்கே போகிறது. நிரல் பிழையைச் சொல்லிவிட்டு மரியாதையாக முடித்துக்கொள்ளலாம். ஊர்ப் பொதுவுக்கு அது போதாது.

இதுவரை பார்த்தது: யூலிமிட் அளப்பது கேட்ட இடத்தை, எழுதுவது ப்ராசஸ் கணக்கில். நமக்கு வேண்டியது தொட்ட இடம், ஆள் கணக்கு.

வீட்டுக்கு ஒரு கயிறு

2006-இல் கூகுள் பொறியாளர்கள் பால் மேனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் தொடங்கிய வேலை ஒன்று, சிகுரூப் என்ற பெயரில் 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-இல் கெர்னலுக்குள் நுழைந்தது. நினைவகத்தை எண்ணும் பகுதி அதற்கு அடுத்த 2.6.25-இல் சேர்ந்தது. பல ப்ராசஸ்களை ஒரு குடும்பமாகக் கட்டி, அந்தக் குடும்பத்துக்கு மொத்தமாகக் கணக்கு எழுதுவதுதான் சிகுரூப். எத்தனை பேர் வந்தாலும் வீட்டுக்கு ஒரு கயிறு. கயிற்றுக்குள் விரித்த நெல் முழுவதும் அந்த வீட்டுக் கணக்கு. ஒரு ப்ராசஸ் இன்னொன்றைப் பெற்றால் பிள்ளையும் தாயின் கயிற்றுக்குள்தான் பிறக்கும். ஆள் சேர்த்துக்கொண்டு வரும் தந்திரம் இங்கே செல்லாது.

2016-இல் லினக்ஸ் 4.5 வந்தபோது இதன் இரண்டாம் பதிப்பு நிலைபெற்றது. டெபியன் 11, உபுண்டு 21.10, ரெட்ஹாட் 9 ஆகிய லினக்ஸ் விநியோகங்கள் முதல் இயல்பாகவே இரண்டாம் பதிப்புதான். நான் இனிச் சொல்வதெல்லாம் அதைப் பற்றியே.

கயிற்றை நாமே கட்ட வேண்டாம் என்பது இன்னும் நல்ல செய்தி. கணினி கிளம்பியதும் எல்லாச் சேவைகளையும் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி, ஒருவர் உள்நுழைந்த உடனே அவருக்கென்று ஒரு சிகுரூப்பை உருவாக்கிவிடுகிறது. அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். பயனர் எண் 1001 என்றால் யூசர்-1001.ஸ்லைஸ். அவர் வீட்டிலிருந்து ஒருமுறை, ஆய்வகத்திலிருந்து ஒருமுறை என்று எத்தனை தடவை உள்நுழைந்தாலும் எல்லாம் ஒரே ஸ்லைஸ். நாம் வெளியேறினாலும் வேலையைத் தொடரவிடும் டிமக்ஸில் ஒரு வேலையை ஓடவிட்டு வெளியேறிப் போனாலும் அது அங்கேயே இருந்து கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். இத்தனை பயனர் ஸ்லைஸ்களும் யூசர்.ஸ்லைஸ் என்ற ஒரு பெரிய கயிற்றுக்குள் அடக்கம். சர்வரின் சொந்தச் சேவைகள் சிஸ்டம்.ஸ்லைஸ் என்ற வேறொரு பெரிய கயிற்றுக்குள் இருக்கின்றன. சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ் என்று தட்டினால் இந்தக் குடும்ப மரம் முழுவதும் திரையில் விரியும். வரம்பு போடாவிட்டாலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உங்கள் சர்வரில் யார் யார் எதை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரியும்.

கணக்கு எழுதும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பத்துப் பேர் ஒரே கோப்பைப் படித்தால் அந்தப் பக்கங்கள் ராமில் ஒரே ஒரு நகலாகத்தான் இருக்கும். அது முதலில் தொட்டவர் கணக்கில் ஏறும். மற்ற ஒன்பது பேருக்கு இலவசம். நியாயமா என்று கேட்டால் இல்லைதான். பக்கத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைப்பதைவிட வேகமானது என்பதால் பொறுத்துக்கொள்கிறோம்.

இரண்டு கோடுகள்

ஸ்லைஸுக்கு நினைவக வரம்பு என்றால் ஒரு எண் மட்டும் இல்லை. முக்கியமாக இரண்டு.

மெமரிமேக்ஸ் என்பது கடைசிக் கோடு. ஸ்லைஸ் அதைத் தொட்டதும் கெர்னல் அந்த வீட்டுக் கோணிகளைச் சுருட்டிப் பார்க்கும், அந்த வீட்டுக்கு அனுமதித்த அளவு ரோட்டுக்குத் தள்ளிப் பார்க்கும். அப்படியும் அடங்காவிட்டால் ஓஓஎம் கில்லர் வரும். இம்முறை அந்தக் கயிற்றுக்குள் மட்டும்தான் அது ஆள் தேடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கீறல்கூட விழாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பயனை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

மெமரிஹை அதற்குச் சற்று முன்னால் போடும் கோடு. இதைத் தாண்டினால் யாரும் சாவதில்லை. ஆனால் புதிதாகப் பக்கம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கெர்னல் அந்த ப்ராசஸை நிறுத்தி, "முதலில் பழையதைச் சுருட்டு, பிறகு கேள்" என்று மெதுவாக்கும். எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு முட்டுக்கட்டை. வேலை திடீரென்று ஆமை வேகத்துக்கு வந்துவிட்டதைப் பயனர் கவனித்து, தானே நிறுத்தவோ திருத்தவோ நேரம் கிடைக்கிறது. மேக்ஸை 12 ஜிபி என்று வைத்தால் ஹையை 10 என்று வைப்பது என் வழக்கம்.

மூன்றாவதாக மெமரிஸ்வாப்மேக்ஸ். இரண்டாம் பதிப்பில் ராம் கணக்கு வேறு, ஸ்வாப் கணக்கு வேறு. ராமுக்கு மட்டும் கயிறு கட்டிவிட்டு இதை மறந்தால், அந்த வீட்டார் மிச்ச நெல்லையெல்லாம் ரோட்டில் கொட்டி ஊர்ப் போக்குவரத்தையே மறித்துவிடுவார்கள். வட்டு எல்லோருக்கும் பொதுவல்லவா? ஆளுக்கு 1 அல்லது 2 ஜிபி போதும்.

முப்பது பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. 2018-இல் வந்த சிஸ்டம்டி 239 முதல், ஸ்லைஸ் பெயரில் பயனர் எண் வரும் இடத்தைக் காலியாக விட்டு, யூசர்-.ஸ்லைஸ்.டி என்ற கோப்புறையை உருவாக்கி, அதில் ஒரு சிறு கோப்பை வைத்தால் எல்லாப் பயனர்களுக்கும் அது பொருந்தும். எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். ரூட்டாகவே உள்நுழையும் பழக்கம் இருந்தால் பயனர் எண் 0-க்கு விலக்கு எழுதிவிடுங்கள்.

வரம்பு ஒதுக்கீடு ஆகாது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். முப்பது பேர், ஆளுக்கு 12 ஜிபி, மொத்தம் 360 ஜிபி. சர்வரில் 64தானே இருக்கிறது? ஆமாம். 12 என்பது "இதற்குமேல் போகாதே" என்ற தடை. "உனக்கென்று 12 எடுத்து வைத்திருக்கிறேன்" என்ற வாக்குறுதி அதில் இல்லை. முப்பது பேரும் ஒரே நாளில் அறுப்பதில்லை. எல்லோருக்கும் 64-ஐ முப்பதால் வகுத்து 2 ஜிபி என்று கட்டிவிட்டால் யாராலும் உருப்படியாக எதையும் செய்ய முடியாது. பாதிக் களம் எப்போதும் காலியாகக் கிடக்கும்.

ஆனால் ஆறு பேர் ஒரே இரவில் தலா 12-ஐ எட்டினால் 72. மறுபடியும் படுக்கை. ஆகவே வெளிக் கயிற்றுக்கும் வரம்பு வேண்டும்: யூசர்.ஸ்லைஸ் மொத்தத்துக்கும் மேக்ஸ் 56 ஜிபி. மிச்சம் 8 ஜிபி எஸ்எஸ்எச், பதிவுகள், மற்ற சேவைகள் எல்லாவற்றுக்கும். பயனர்கள் எத்தனை பேர் சேர்ந்து அடித்துக்கொண்டாலும் நிர்வாகி உள்ளே வந்து பார்க்க வழி இருக்கும். தனியாள் வரம்பா வெளி வரம்பா, ஒன்றுதான் போடுவேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் வெளி வரம்பைப் போடச் சொல்வேன்.

இதிலும் முழு நியாயம் கிடைத்துவிடாது. வெளிக் கயிறு 56-ஐத் தொடும்போது ஓஓஎம் கில்லர் எல்லா வீடுகளையும் சேர்த்துப் பார்த்து, பெரிய ப்ராசஸைத் தேர்ந்தெடுக்கும். 1 ஜிபி வீதம் பதினொரு ப்ராசஸ் வைத்திருப்பவர் தப்பிக்க, 9 ஜிபியில் ஒற்றைக் கணக்கீடு ஓடவிட்டவர் மாட்டிக்கொள்ளலாம். இந்த நிலை வாரம் ஒருமுறை வருகிறதென்றால் வரம்பு போதாது, வரிசை வேண்டும்: வேலைகளைப் பதிவு செய்துகொண்டு, இடம் இருக்கும்போது மட்டும் ஓடவிடும் ஸ்லர்ம் போன்ற மென்பொருள். அது வேறு கதை.

இதுவரை பார்த்தது: தனியாள் கோடு அண்டை வீட்டாரைக் காக்கிறது, வெளிக் கோடு சர்வரையே காக்கிறது. எண்களைக் கூட்டினால் ராமைத் தாண்டுவதில் தவறில்லை.

கயிற்றுக்கு வெளியே விழும் நெல்

ஸ்லைஸ் என்பது யார் பெயரில் உள்நுழைந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இதிலிருந்து சில ஓட்டைகள் வருகின்றன.

பெரிய ஓட்டை டாக்கர். ஒரு நிரலை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓடவிடும் மென்பொருள் அது. பயனர் கட்டளை கொடுத்தாலும், கன்டெய்னரை உண்மையில் பெற்றெடுப்பது ரூட்டாகப் பின்னணியில் ஓடும் டாக்கர் சேவைதான். பிள்ளை தாயின் கயிற்றில் பிறக்கும் என்றேன் அல்லவா? இங்கே தாய் சிஸ்டம்.ஸ்லைஸைச் சேர்ந்தவள். எனவே பயனரின் 12 ஜிபி கோடு அந்தக் கன்டெய்னரைத் தொடவே தொடாது. பொது சர்வரில் அதே வேலையை ரூட் இல்லாமலே செய்யும் பாட்மேன் பக்கம் நான் சாய்ந்ததற்கு இது ஒரு காரணம். அதில் கன்டெய்னர் பயனரின் ஸ்லைஸுக்குள்ளேயே இருக்கும். க்ரான் வழியாக நேரம் வைத்து ஓடும் வேலைகளும் சில விநியோகங்களில் க்ரான் சேவையின் கணக்கில் போகின்றன. உங்கள் சர்வரில் எப்படி என்பதை அந்தக் குடும்ப மரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

எதிர்ப்பக்க வியப்பும் உண்டு. தன் பெயரில் உள்நுழைந்து சுடோ கொடுத்து ரூட்டாக மாறினாலும் அந்த வேலை உள்நுழைந்தவர் ஸ்லைஸிலேயே நிற்கும். பெரிய மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று பாதியில் கொல்லப்பட்டபோதுதான் எனக்கு இது புரிந்தது. எனக்கு நானே போட்டுக்கொண்ட 12 ஜிபி கோடு.

"40 ஜிபி சும்மா இருக்கிறதே"

கயிறு கட்டிய மறுவாரம், அதே 16 ப்ராசஸ் மாணவர் வந்தார். "அண்ணா, ஃப்ரீ கொடுத்துப் பார்த்தால் 40 ஜிபி சும்மா இருக்கிறது. என் நிரலை ஏன் கொன்றுவிட்டது?" திரையில் நிரல் இருந்த இடத்தில் "கில்ட்" என்ற ஒற்றைச் சொல். வெளியேறும் எண் 137. 128-உடன் 9-ஐக் கூட்டிய எண் அது; 9 என்பது மறுபேச்சில்லாமல் கொல்லும் சைகை.

ஃப்ரீ எப்போதும் முழுக் களத்தைத்தான் காட்டும். உங்கள் கயிறு அதற்குத் தெரியாது. பல நிரல்களும் இதே போல முழு ராமைப் பார்த்துவிட்டுத் தம் அளவை முடிவு செய்துகொள்கின்றன. ஜாவாவுக்கே கயிற்றைப் பார்க்கும் பழக்கம் 2018-இல் வந்த பத்தாம் பதிப்போடுதான் வந்தது. நான் கெர்னல் பதிவைத் திறந்து காட்டினேன். வரி "மெமரி சிகுரூப்" என்று தொடங்கி, அதன் பின்னால் "அவுட் ஆஃப் மெமரி" என்று போனது. முன்னால் அந்த இரண்டு சொற்கள் இருந்தால் கயிறு இறுக்கியது என்று பொருள். அவை இல்லாமல் நேரே "அவுட் ஆஃப் மெமரி" என்று தொடங்கினால் களமே நிரம்பிவிட்டது; அது நிர்வாகியின் தலைவலி.

அவருடைய நிரல் 9 ஜிபி சிஎஸ்வி கோப்பு (வரி வரியாக எழுதிய அட்டவணை) ஒன்றை ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஐந்து லட்சம் வரிகளாகப் படித்து, கூட்டி, விட்டுவிடும்படி மாற்றினோம். பதினாறு ப்ராசஸ் ஒன்றானது. ஓடியது. டாப்பில் ரெஸ் 1.7 ஜிபி. பத்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார்: ஸ்லைஸ் வாரியாகக் கணக்குக் காட்டும் சிஸ்டம்டி-சிஜிடாப்பில் தன் ஸ்லைஸுக்கு நேராக 9.5 ஜிபி என்று இருக்கிறது, மறுபடியும் கொன்றுவிடுமா என்று.

ஸ்லைஸின் மெமரி.ஸ்டாட் கோப்பைத் திறக்கச் சொன்னேன். முதல் வரி அனான்: நிரல் தானாகப் பிடித்த இடம். 1.7 ஜிபி. இரண்டாம் வரி ஃபைல்: படித்த சிஎஸ்வியின் நகல்கள். 7.8 ஜிபி. "இதெல்லாம் கோணி. இடம் வேண்டும்போது அதுவே சுருட்டிக்கொள்ளும், நீ தூங்கப் போ" என்றேன்.